அறுவைக்குப் பிறகும் காலில் ஓடும் மின்னல்

குலையின் கனம்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் பிறந்தது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் அந்தக் கன்றுகளை ஊன்றினார்கள். நூறாண்டு கடந்தும் குலை வெட்டும் பாரம் பெரும்பாலும் மனித முதுகில்தான் இறங்குகிறது. முற்றிய மரத்தின் குலை 20 கிலோவைத் தாண்டுவதுண்டு. அண்ணாந்து நீளக் கம்பு அரிவாளை இழுக்க வேண்டும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்க வேண்டும், குலையைத் தூக்கி வண்டியில் போட வேண்டும். சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் 'ஸ்லிப் டிஸ்க்' என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக அறுவை செய்துகொண்டவர்களில் பலர் எழுந்து நடக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

தையல் ஆறும், நரம்பு ஆறாது

முதுகில் தழும்பு காய்ந்திருக்கும். ஆனால் இடுப்பிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்ந்தது போல் வெட்டும், எறும்பு ஊரும், இரவில் போர்வை பட்டாலே எரியும். அறுவை தோற்றுவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகும். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு 10 முதல் 40 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் வலி நீடிப்பதாக மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. இது நோயாளியின் கற்பனையும் அல்ல, சோம்பலும் அல்ல.

முதுகெலும்பில் நழுவிய டிஸ்க் பல மாதம் நரம்பை அழுத்தியிருந்தால் அந்த நரம்பே காயப்பட்டுப் போகிறது. அழுத்தத்தை எடுத்த மறுநாளே அந்தக் காயம் ஆறிவிடாது. அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் காத்திருப்பின் நீளம் புரியும். சிலருக்கு அறுவை செய்த இடத்தில் வடுத்திசு நரம்பைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. சிலருக்கு அதே டிஸ்க் மறுபடி பிதுங்குகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும். இன்னும் சிலருக்குத் தண்டுவடமும் மூளையுமே வலிக்குப் பழகி, சின்னத் தொடுகைக்கும் அபாயமணி அடிக்கின்றன.

நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி எரிந்தால் முதுகை மட்டும் குறை சொல்வது தவறு. நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறைந்து நரம்பு எரியலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான்கு முறை கத்தி பட்ட அதிபர்

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடிக்கு 1944, 1954, 1955, 1957 என நான்கு முறை முதுகில் அறுவை நடந்தது. வலி போகவில்லை. 1961-இல் மருத்துவர் ஹான்ஸ் கிராவ்ஸ் ஒழுங்கான உடற்பயிற்சியைத் தொடங்கி வைத்த பிறகே அவர் நிலை ஓரளவு தேறியது. அமெரிக்க அதிபருக்கே அடுத்தடுத்த அறுவை விடையாகவில்லை. தெளிவான காரணம் தெரியாமல் இரண்டாம் முறை மேசையில் படுக்கச் சம்மதிக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரையில் கவனம்

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அதிகம் உதவாது. கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்றவற்றையே மருத்துவர் எழுதுவார். இவை மெல்ல மெல்ல அளவு கூட்டப்படுபவை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தூக்கம் வரும், தலை சுற்றும்; மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்குக் கபாபென்டின், பிரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சொந்தமாக, சட்டென்று நிறுத்தக் கூடாது.

சந்தையில் கிடைக்கும் பெயர் தெரியாத ஜாமு எனும் நாட்டு மூலிகை மாத்திரை இரண்டே நாளில் வலியைப் போக்கினால் மகிழ வேண்டாம், பயப்பட வேண்டும். அப்படிப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது முகத்தை ஊதவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும்.

சிலாயாங் காட்டிய வழி

பத்துமலைக்குப் பக்கத்திலிருக்கும் சிலாயாங் மருத்துவமனையில், வலி நிபுணர் மேரி சுமா கார்டோசாவும் அவருடைய குழுவும் 2002 முதல் 'மெனாங்' என்ற இரண்டு வாரப் பயிற்சியை நடத்தினார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு வெற்றி என்று பொருள். வலி முழுவதும் போன பிறகு வாழ்வைத் தொடங்கலாம் என்று காத்திருக்காமல், வலியோடேயே நடமாட்டத்தை மீட்பதுதான் அதன் அடிப்படை. உடற்பயிற்சி, மனப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி எல்லாம் அதில் உண்டு.

வீட்டிலும் இது முடியும். நல்ல நாளில் ஒரே மூச்சில் வீடு முழுக்கக் கூட்டிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது பலருடைய வழக்கம். அதற்குப் பதில், வலி கூடுவதற்கு முன்பே நிறுத்தும் அளவைக் கண்டுபிடித்து, ஐந்து நிமிடம் நடக்க முடிந்தால் நாள்தோறும் ஐந்தே நிமிடம் நடந்து, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் அன்பும் சில வேளை காலை முடக்கிவிடுகிறது.

எங்கே தொடங்குவது

அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் வலி எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும்: எரிச்சலா, மின்னலா, மரத்துப்போகிறதா. அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். வேலையில் அடிபட்டவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் கேட்கலாம். 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும், 2014 முதல் மலாக்காவில் மறுவாழ்வு மையமும் அதற்கு உண்டு.

சிறுநீர் திடீரென்று நின்றாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காலில் பலம் வேகமாகக் குறைந்தாலோ, காய்ச்சலுடன் தழும்பில் சீழ் வந்தாலோ அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுக்கக் கூடாது. அன்றைக்கே, நள்ளிரவானாலும், 999-ஐ அழைக்க வேண்டும். அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.