களிமண்மேல் நிற்கும் மாடிகள்

மலேசியாவின் பாகான் டத்தோ தென்னந்தோப்புகளுக்கு அடியில் இருப்பது கடல் கொண்டுவந்து சேர்த்த இளகிய களிமண். நிலநடுக்கம் என்றால் நாம் பிளவுகளைப் பற்றித்தான் கேட்கிறோம். காலடி மண்ணைப் பற்றியும் கேட்க வேண்டும்.

மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ரா தீவின் நெடுகிலும் சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஒரு பெரும் பிளவு ஓடுகிறது. அங்கே நிலம் பலமாகக் குலுங்கினால், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகள் ஆடுவதுண்டு. தொலைவைக் கடந்து வரும்போது வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும்; மெதுவான அலைகள் மிஞ்சும். உயர்ந்த கட்டடத்தின் இயல்பான அசைவும் மெதுவானதே. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். இளகிய மண் அதை இன்னும் கூட்டும்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் இதை அனுபவித்தது. நிலநடுக்க மையம் இருந்ததோ 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் பழைய ஏரிப்படுகையின் மேல் எழுந்த கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கெட்டியான தரைமேல் இருந்த பகுதிகளில் சேதம் மிகக் குறைவு.

நம் நாட்டிலும் பிளவுகள் உண்டு. 2007-இன் இறுதியில் பகாங், புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் தொடங்கின. 2015 ஜூன் 5 அன்று சபாவின் ரானாவ் நிலநடுக்கம் கினபாலு மலையில் 18 உயிர்களைப் பறித்தது. 2017-இல் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கு மலேசியாவுக்கென விதிகள் வந்தன. அதற்கு முன் மென்மண்ணில் எழுந்த மாடிகளைச் சோதிப்பதுதான் இப்போது அவசர வேலை.