பழைய பைக், செல்போன் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன்பு இதைப் பாருங்க!

தென்காசி:-

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு புது பைக், புது செல்போன் எல்லாம் எட்டாத விலைதான். கைகொடுப்பது 'செகண்ட் ஹேண்ட்'. முன்பு தெரிந்த புரோக்கரை நம்பி வாங்குவார்கள். இப்போது ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக், வாட்ஸ்-அப் என்று கையிலேயே சந்தை வந்துவிட்டது. தென்காசியில் இருந்தபடியே நெல்லை, மதுரை விலையையும் ஒப்பிட்டுப் பேரம் பேசலாம். ஆனால் ஏமாந்தால் கைக்காசு போய்விடும். அதே செல்போனை வைத்தே உஷாராகவும் இருக்கலாம்.

செல்போன் திருட்டா?

வாங்கப் போகும் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். உங்கள் போனில் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசு 2023-ல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கனவே பயன்பாட்டில் உள்ள எண் என்று பதில் வந்தால் அந்த போன் வேண்டவே வேண்டாம்.

பைக் யார் பெயரில்?

'எம்-பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, இன்சூரன்ஸ் விவரம் தெரியும். ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். பைனான்ஸ் இருந்தால் கடன் முடிந்ததற்கான தடையில்லா சான்றும், படிவம் 35-ம் கேட்டு வாங்குங்கள்.

விற்பவர்களும் அசட்டையாக இருக்கக்கூடாது. படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டதோடு வேலை முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள். வண்டியை விற்ற பிறகு விபத்து நடந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பு சொல்லி இருக்கிறது.

'ஸ்கேன்' பண்ணச் சொன்னா...

"நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிட்டு, வண்டியை பார்சல்ல அனுப்புறேன், அட்வான்ஸ் போடுங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ராணுவ அடையாள அட்டையைக் காட்டினாலும் அது போலியாக இருக்கலாம். நாம் பொருளை விற்கும்போது, "பணம் அனுப்புறேன், கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பதும் மோசடிதான். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கில் இருந்துதான் பணம் போகும்.

பொருளை பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நேரில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.