துடைப்பத்தின் இரண்டாம் வேளை

விடியுமுன் நகரத் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், வீடு திரும்பியதும் மீண்டும் துடைப்பத்தையே எடுக்கிறார். முதல் வேலைக்குக் கூலி உண்டு; இரண்டாவதற்குக் ‘கடமை’ என்ற பெயர் மட்டுமே. அவரது கசப்பு தனிமனிதக் குறையன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர்.

சட்டம் இவ்வுழைப்பை அறியாததன்று. விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. கணவனின் ஈட்டலில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டுப் பங்களிப்பும் அடங்கும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. ஆயினும் இவை இறப்புக்கோ சொத்துத் தகராறுக்கோ பின்னர் வரும் கணக்குகள். சொத்தே இல்லாத குடும்பத்தில் கூலிக்கும் சென்று அடுப்பையும் சுமப்பவருக்கு இத்தீர்ப்புகள் எதைப் பெற்றுத்தரும்?

பிறப்பைக் காட்டி வேலையைச் சுமத்துவதைச் சாதி என்று எதிர்க்கிறோம். அதே பிறப்பைக் காட்டி ஒருவரைச் சமையலறையில் நிறுத்துவதை மட்டும் இயல்பு என்கிறோம். சமத்துவக் கூட்டத்துக்குக் கிளம்புமுன் வீட்டுவேலையில் பாதியைச் செய்து முடிப்பது தோழர்களின் பொறுப்பு. அதற்கு எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.