இரும்பிலிருந்து காந்தத்துக்கு எப்படிப் போவது?

உங்கள் பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் புரட்டியிருப்பீர்கள். தேடும் சொல்லை உடனே எடுத்துத் தருவது அகர வரிசை. ஆனால் அது ஒரு குறும்பும் செய்கிறது, உறவினர்களைப் பிரித்துவிடுகிறது! இரும்பு ஓரிடத்தில், எஃகு சற்றுத் தள்ளி, காந்தம் வேறொரு தொகுதியில், துரு இன்னும் அப்பால். இரும்புக்கு அடுத்த வீட்டிலோ இருமல்!

இதற்குப் பழைய பதிப்பாசிரியர்கள் கண்ட பரிகாரம் 'காண்க' என்ற சிறு குறிப்பு. 1751இல் பாரிசில் வெளிவரத் தொடங்கிய தீதரோவின் கலைக்களஞ்சியத்தில் இத்தகைய குறிப்புகள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் வேறு தொகுதியை எடுத்து வர வேண்டுமே!

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் அந்த அலைச்சல் இல்லை. சொல்லைத் தொட்டால் அந்தக் கட்டுரை வந்து நிற்கும். அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். தனிமங்கள் 118. ஒவ்வொன்றின் பக்கத்திலிருந்தும் மற்ற 117 தனிமங்களுக்கும் வழி அமைக்க வேண்டுமானால், 118 × 117 = 13,806 இணைப்புகள்! இவற்றைக் கையால் எழுதுவது யார்? பிழை வந்தால் திருத்துவது யார்?

இங்கேதான் 'வார்ப்புரு' உதவுகிறது. 118 பெயர்களும் அடங்கிய ஒரே பெட்டியைத் தனியாகச் செய்து வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அந்தப் பெட்டியின் பெயரை மட்டும் எழுதினால் போதும். பக்கம் திறக்கும்போது பெட்டி முழுவதும் அங்கே தோன்றும். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கியது நினைவிருக்கலாம். அதுபோன்ற மாற்றம் வந்தால் பெட்டியை ஒருமுறை திருத்தினால் போதும். அது இடம்பெற்ற பக்கங்கள் எல்லாம் தாமே திருந்திவிடும்.

பெட்டிக்குள் பெயர்களை எப்படி அடுக்குவது? மறுபடியும் அகர வரிசையா? வேண்டாம்! தனிம அட்டவணையின் உருவத்திலேயே அடுக்கினால், இரும்புக்கு இடப்பக்கம் மாங்கனீஸ், வலப்பக்கம் கோபால்ட், கீழே ருதீனியம். உருவமே உறவைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும், தொட்டாலும் நகராது. 'நீ இருக்கும் இடம் இது' என்று அதற்குப் பொருள்.

சரி, துருவையும் காந்தத்தையும் இந்தப் பெட்டியில் சேர்க்கலாமா? ஆசை வரத்தான் செய்யும். தொகுப்பாளர்கள் இதற்கு ஒரு நல்ல சோதனை வைத்திருக்கிறார்கள். பெட்டியில் எந்தக் கட்டுரையின் பெயர் இருக்கிறதோ, அந்தக் கட்டுரையின் அடியிலும் இதே பெட்டி பொருந்த வேண்டும். காந்தம் பற்றிய கட்டுரையின் அடியில் 118 தனிமங்களுக்கு என்ன வேலை? ஆகவே காந்தம் வெளியே! இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் பெட்டி சந்தைக்கடையாகிவிடும். ஐந்நூறு பெயர்களுக்கு நடுவே வேண்டிய ஒன்றை யார் தேடுவார்கள்?

காந்தத்துக்கு வழி கட்டுரையின் உடலில்தான் இருக்க வேண்டும். 'இரும்பைக் காந்தம் ஈர்க்கும்' என்ற வாக்கியத்திலேயே. இது எனக்குப் பெட்டியைவிட முக்கியமாகப் படுகிறது. காரணம், விக்கிப்பீடியாவின் கைப்பேசிப் பக்கத்தில் அடிப்பெட்டிகள் தெரிவதில்லை. சந்தேகமானால் ஒரே கட்டுரையைக் கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து, கடைசி வரி வரை இறங்கிப் பாருங்கள்.