வீட்டுப் பட்டறைக்கு எந்தப் பட்டடை?

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் கொல்லர் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. மழுங்கிப்போன கடப்பாரைக்கு முனை எடுக்க வேண்டுமென்றால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் கடையில் கொடுத்தால் கிரைண்டரில் தேய்த்துத் தருவார்கள். தேய்த்தால் கூர் வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இரும்பு குறையும். பழைய கொல்லர் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்த கடினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போய்விடும். களைக்கொத்து, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அதனால் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சின்ன உலைக்களம் போட்டு, வார இறுதிகளில் வீட்டுக் கருவிகளையாவது நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

உலை சுலபம். செங்கல், களிமண், ஒரு ப்ளோயர், கரி. சுத்தியலும் குறடும் கடையில் கிடைக்கும். பட்டடையில்தான் எல்லோரும் முட்டி நிற்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் ஒரு பக்கம் கொம்பு வைத்த, பளபளவென்று பெயிண்ட் அடித்த பட்டடைகள் வரிசையாக வரும். அதில் எதை வாங்குவது, எத்தனை கிலோவில் வாங்குவது, அல்லது வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விகளுக்குச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர்

பேச்சு வழக்கில் பட்டறை, பட்டடை இரண்டும் கலந்துவிட்டன. இங்கே பட்டறை என்றால் வேலை நடக்கும் இடம். பட்டடை என்றால் காய்ந்த இரும்பை மேலே வைத்து அடிக்கிற அடிக்கட்டை. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தச் சொல் வருகிறது. மனம் ஒட்டாதவரின் நட்பு, ஓங்கி அடிக்க நேரம் வாய்க்கும்வரை தாங்குவதுபோல் தோற்றம் தருகிற பட்டடை என்கிறார் வள்ளுவர். புறநானூற்றின் 170ஆம் பாட்டில் இதற்கு உலைக்கல் என்று பெயர். கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியை எதிர்த்து நிற்கிற உலைக்கல் போன்றவன் பிட்டங்கொற்றன் என்று அந்தப் பாட்டு முடியும்.

உலைக்கல் என்ற பெயருக்குள் ‘கல்’ இருப்பதைக் கவனியுங்கள். கருங்கல்லையே பட்டடையாக வைத்து இரும்பு அடித்த வழக்கம் உலகில் பல இடங்களில் இருந்திருக்கிறது. கொம்பு இல்லை, வால் இல்லை. அசையாத ஒரு கனம், அடிபட்டால் பள்ளம் விழாத ஒரு முகம். பட்டடைக்கு அடிப்படைத் தேவை இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் வசதிகள்.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. தகடூர் என்ற பழைய பெயர் தர்மபுரியைக் குறிப்பது. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் காட்டிய ஆயுதச் சாலையைப் பார்த்துச் சொன்ன பதில் புறநானூறு 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை போட்டுக் காவலில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். பாராட்டுவது போன்ற கேலி. எனக்கு அதில் பிடித்தது வேறு: உழைக்கிற கருவி அடிக்கடி கொல்லனிடம் வந்துதான் ஆக வேண்டும். பட்டறை என்பது புதிதாகச் செய்யும் இடம் மட்டுமல்ல, பழுது பார்க்கும் இடமும்கூட. முன்பு தர்மபுரி மாவட்டத்தில் இருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இந்த வட்டாரத்தில் இரும்பு அடிக்கும் சத்தம் அவ்வளவு பழையது.

கொம்பு யாருக்கு வேண்டும்?

கடைகளில் பார்க்கும் கொம்பு வைத்த வடிவத்துக்கு லண்டன் பாணி என்று பெயர். ஒரு பக்கம் கூம்பு போன்ற கொம்பு, மறுபக்கம் நீட்டிய வால், வாலில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும். குதிரை லாடம், கொக்கி, வளையம் என்று வளைக்கிற வேலை அதிகம் இருந்த ஊர்களுக்கு இது அருமையான வடிவம்.

நம் ஊர்க் கொல்லர் என்ன அடித்தார் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். ஏர்க்கொழு, மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், கொடுவாள், கோடரி, கடப்பாரை. எல்லாமே நீட்டுவது, தட்டையாக்குவது, முனை எடுப்பது. மாட்டு லாடம்கூடச் சின்னத் தட்டைத் தகடுதான். குதிரை லாடம்போல் வளைத்து எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் பழைய பட்டறைகளில் நீங்கள் பார்ப்பது தரையில் புதைத்த அல்லது மரக்கட்டையில் இறக்கிய ஒரு சதுர இரும்புக் கட்டை. வசதி இல்லாததால் அப்படி வைத்திருந்தார்கள் என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே வாள் அடிக்கும் கொல்லர்கள் இன்றும் கொம்பில்லாத செவ்வகக் கட்டையில்தான் அடிக்கிறார்கள். வேலைக்கு ஏற்ற வடிவம், அவ்வளவுதான்.

கொம்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. 25 கிலோ லண்டன் பாணிப் பட்டடையில் கணிசமான எடை கொம்புக்கும் வாலுக்கும் போய்விடும். சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் கீழே மிச்சமிருப்பது குறைவு. அதே எடையில் ஒரு முழுக்கட்டை என்றால் மொத்தமும் அடிக்குக் கீழே நிற்கும். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 10 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. உயரக் கட்டை என்றால் 23.5 கிலோ. 15 செ.மீ. சதுரம் என்றால் 53 கிலோ. இதைச் செங்குத்தாக நிறுத்தினால், அடிக்கு நேர் கீழே 30 செ.மீ. ஆழத்துக்கு இரும்பு.

எத்தனை கிலோ?

இங்கே கொஞ்சம் கணக்கு. சூடான இரும்பு மாவு மாதிரி. சுத்தியல் அடித்தால் துள்ளாமல் ஒட்டி நிற்கும் என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். அப்போது அடியின் ஆற்றலில் இரும்பை நசுக்கப் போகும் பங்கு எவ்வளவு? பட்டடையின் எடையை, பட்டடை, சுத்தியல் இரண்டின் மொத்த எடையால் வகுத்தால் விடை வந்துவிடும். மீதி, பட்டடையை அசைப்பதில் வீணாகும்.

1 கிலோ சுத்தியல் என்றால்:
10 கிலோ பட்டடை – 91 சதவீதம்
25 கிலோ – 96 சதவீதம்
50 கிலோ – 98 சதவீதம்
100 கிலோ – 99 சதவீதம்

5 கிலோ சம்மட்டி என்றால்:
25 கிலோ பட்டடை – 83 சதவீதம்
50 கிலோ – 91 சதவீதம்
100 கிலோ – 95 சதவீதம்

இந்தக் கணக்கு சொல்வது இதுதான்: தனியாளாக 1 கிலோ சுத்தியலில் வேலை செய்பவருக்கு 25 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குப் போனால் கிடைக்கும் லாபம் வெறும் 3 சதவீதம். ஆனால் எதிரில் ஒருவர் சம்மட்டி ஓங்கினால் கதை மாறும். ஊர்ப் பட்டறையில் கொல்லர் குறடு பிடிக்க, மகனோ மனைவியோ சம்மட்டி அடிப்பார்கள். இரண்டு பேர் வேலை அது. அங்கே சின்னக் கட்டையைத் தரையில் ஆழப் புதைத்து, மண்ணையும் மரத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது எடைக் குறையை ஈடுகட்டும் வழி. வீட்டில் தனியாக அடிக்கப்போகும் நமக்குச் சம்மட்டிக்கு ஆள் கிடையாது. அதனால் 25 முதல் 50 கிலோ வரை தாராளம். மிச்சப் பணத்தை எஃகின் தரத்தில் போடுங்கள்.

முகம் எவ்வளவு கடினம்?

நல்ல பட்டடையின் முகம் ராக்வெல் சி அளவில் 50க்கு மேல் இருக்கும். மலிவு விலையில் வருகிற பல பட்டடைகள் முழுக்க வார்ப்பிரும்பு. அதன் முகம் பள்ளம் விழும், ஓரம் உடைந்து தெறிக்கும். தெறிக்கிற துண்டு கண்ணுக்குத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு என்றாலே மோசம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃபிஷர் பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் ஒட்டியவை. 1847இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆக, கேட்க வேண்டிய கேள்வி “உடம்பு என்ன?” என்பதல்ல, “முகம் என்ன?” என்பது.

கடைக்காரரிடம் கேட்பதைவிடப் பட்டடையிடமே கேட்கலாம். பழைய பேரிங்கிலிருந்து ஒரு எஃகுக் குண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தின் மேல் போடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல். 20 செ.மீ.க்கு மேல் துள்ளினால் நல்ல முகம். பாதி உயரம்கூட வராவிட்டால் மெத்து இரும்பு. நடுவில், ஓரத்தில், நான்கு மூலையில் என்று பல இடங்களில் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் துள்ளல் செத்துப்போனால் உள்ளே முகத்தகடு விட்டிருக்கலாம், விரிசல் இருக்கலாம். முகத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டுப் போடுங்கள். சுரண்ட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும் என்று சொல்வார்கள். முழு எஃகுக்கு அது சரி. ஆனால் ஃபிஷர் வகை நல்ல பட்டடை சத்தமே போடாது. அதனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒலிக்கிற பட்டடை வாங்கினால் காதடைப்பான் கட்டாயம்.

இன்னொன்று: பட்டடை முகத்தைக் கெடுப்பது பழுத்த இரும்பு இல்லை. அது பட்டடையைவிட எவ்வளவோ மெத்து. குறி தவறி வெற்று முகத்தில் விழும் சுத்தியலும், ஆறிப்போன இரும்பை விடாமல் அடிப்பதும்தான் கெடுக்கும். கை பழகிய கொல்லர் சாதாரண இரும்புக் கட்டையிலேயே பல வருஷம் ஓட்டிவிடுவார். குறி தவறும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் கடின முகம் அதிகம் தேவைப்படுகிறது.

தண்டவாளம்

“தண்டவாளத் துண்டு போதுமே” என்று பலர் சொல்வார்கள். எஃகு நல்ல எஃகுதான். நம் ரயில்வேயின் 880 தரத் தண்டவாளத்தில் கரி 0.6 முதல் 0.8 சதவீதம். கடினம் சுமார் 260 பிரினெல், அதாவது ராக்வெல் சியில் 26ஐ ஒட்டி. நடுத்தரம். ஆனால் படுக்கவைத்து அடித்தால் நடுத் தகடு 16 மி.மீ. சொச்சம்தான் தடிமன், ஸ்பிரிங் மாதிரி ஆடும். செங்குத்தாக நிறுத்துங்கள். 60 கிலோ வகைத் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ, 60 செ.மீ. துண்டு 36 கிலோ. வெட்டுமுகத்தில் 72 மி.மீ. அகலமுள்ள தலைப்பகுதி நம் அடிமுகம். களைக்கொத்துக்கும் கடப்பாரை முனைக்கும் அது போதும்.

ஆனால் பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. ரயில்வே தன் கழிவிரும்பை ஏலத்தில் விற்கிறது. அப்படி ஏலம் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்கினால் நிம்மதி.

என் தேர்வு

நான் எடுத்தது கொம்பில்லாத செவ்வகக் கட்டை. ஓசூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் ஃபோர்ஜிங் டை கட்டைகள் எடைக்கு வரும். ஏற்கெனவே கடினமாக்கிய அலாய் எஃகு. குண்டு சோதனையில் தேறிய ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்களை லேசாக உருட்டிவிட்டேன். கத்தி மாதிரி கூரான ஓரம் எளிதில் உடையும், அடிக்கும் இரும்பிலும் வெட்டுத் தடம் விழும். அதனால் ஓரம் உருண்டையாக இருப்பதே நல்லது. இ.என்.8 கட்டை வாங்கி வீட்டிலேயே கடினமாக்கலாமா என்று கேட்கிறார்கள். 25 கிலோ பழுத்த எஃகை அதே வேகத்தில் குளிர்விக்க வாளித் தண்ணீர் பத்தாது, ஆளும் பத்தாது. அந்த ஆசை வேண்டாம்.

அடிக்கட்டைக்குப் புளியமரம். தர்மபுரியில் புளிக்கா பஞ்சம்? கறிக்கடையில் வருஷக்கணக்கில் வெட்டு வாங்கும் கட்டை எந்த மரம் என்று பார்த்தாலே தெரியும். உயரத்துக்கு ஒரு கணக்கு: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால், விரல் முட்டி இருக்கும் உயரத்தில் பட்டடை முகம் இருக்க வேண்டும். ஊர்க் கொல்லர் போல உட்கார்ந்து அடிக்கப் போகிறீர்கள் என்றால் தரையோடு தாழ்வாகப் புதைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் என் முதுகுக்கு நின்று அடிப்பதே சுகம். கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆடினால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்.

சுருக்கமாக: என்ன அடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். பட்டியலில் வளையமும் கொக்கியும் நிறைய இருந்தால் கொம்பு வாங்குங்கள். விவசாயக் கருவிகள்தான் என்றால் நல்ல முகமுள்ள, அசையாத ஒரு கட்டை போதும். உங்கள் ஊரில் மூடிய பட்டறை ஏதாவது இருந்தால், புதிது வாங்கும் முன் அங்கே ஒரு நடை போய்க் கேளுங்கள். அந்தக் கட்டை இன்னும் தரைக்குள்ளேயே இருக்கலாம். கொடுக்க மனமிருந்தால் நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். கூடவே அந்தப் பெரியவர் கடப்பாரை முனையை எந்த நிறத்தில் தண்ணீரில் தோய்ப்பார் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டை இன்னொரு தலைமுறை இருக்கும். அது தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.