செல்வம் மட்டும் காவலாகுமா?
குவைத் நாட்டின் கதை

தேசப்படத்தை விரித்துப் பாரசீகக் குடாவின் வடமேற்கு மூலையை நோக்குவோமாயின், அங்கே ஒரு சிறு நாடு தென்படும். வடக்கிலும் மேற்கிலும் ஈராக். தெற்கிலே சவூதி அரேபியா. நீருக்கு அப்பால் ஈரான். இம்மூன்று பெரு நாடுகளுக்கும் இடையிலுள்ள குவைத்தின் பரப்பு ஏறத்தாழ 17,800 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அதன் மணலுக்கு அடியிலே உலகின் மாபெரும் எண்ணெய் வயல்களுள் ஒன்றாகிய புர்கான் கிடக்கின்றது. சிறிய நிலமும் பெருஞ் செல்வமும் வலிமை மிக்க அயலவரும் ஒருங்கே வாய்த்த நாடு தன்னை எவ்வாறு காத்துக்கொள்ளும்? குவைத்தின் உள்நாட்டு அரசியலும் வெளிநாட்டு உறவும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்து வந்திருக்கின்றன.

முத்தும் எண்ணெயும்

எண்ணெய் கிடைக்குமுன்னர் குவைத் மக்கள் முத்துக்குளித்தும் கடல் வாணிபம் செய்தும் வாழ்ந்தனர். ஆளும் சபா குடும்பத்துக்கு வேண்டிய வரியை வணிகரே செலுத்தினர். பணம் கொடுப்பவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டன்றோ? 1938 ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சட்டசபையைக் கூட்டினர். சில மாதங்களிலேயே அது கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் புர்கானில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1946 இல் ஏற்றுமதி தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. முன்னர் வணிகரின் கையை அரசர் எதிர்பார்த்தார். பின்னர் கல்விக்கும் வைத்தியத்துக்கும் உத்தியோகத்துக்கும் குடிகள் அரசரின் கையை எதிர்பார்க்கலாயினர்.

சுதந்திரமும் சோதனையும்

1899 முதல் குவைத் பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்தது. 1961 ஜூன் 19 இல் அவ்வுடன்படிக்கை முடிவுற்றது. ஆறே நாட்களில், குவைத் தமது நாட்டின் ஒரு பகுதியே என ஈராக்கின் தலைவர் அப்துல் கரீம் காசிம் உரிமை கோரினார். பிரித்தானியப் படைகள் விரைந்து வந்தன; பின்னர் அவற்றின் இடத்தை அரபு லீக்கின் படை ஏற்றது. ஐக்கிய நாடுகள் சபையில் குவைத் சேர்வதைச் சோவியத் ரஷ்யா தன் இரத்து அதிகாரத்தால் தடுத்தது. 1963 இலேதான் அந்த வாயில் திறந்தது.

அப்போதைய அமீர் அப்துல்லா அல் சாலிம் இருவகைக் காவலைத் தேடினார். வெளியே பலருடனும் நட்பை வளர்த்தார். 1961 இல் அரபு நாடுகளின் வளர்ச்சிக்குக் கடன் வழங்க ஒரு நிதியம் நிறுவப்பட்டது. 1963 இல் சோவியத் ரஷ்யாவுடனும் உறவு ஏற்பட்டது. உள்ளே குடிகளின் துணையை நாடி, 1962 இல் அரசியலமைப்பை வழங்கினார். மக்கள் தெரிவுசெய்யும் 50 உறுப்பினர் மந்திரிகளை நிறுத்திக் கேள்வி கேட்க அது இடமளித்தது. ஆனால் பிரதம மந்திரியை நியமிப்பவர் அமீரே. பெண்களுக்கு வாக்குரிமை 2005 இலேதான் கிடைத்தது.

இரண்டு முறை மூடிய கதவு

கேள்வி கேட்கும் சபை ஆட்சியாளருக்கு எப்போதும் இனிப்பதில்லை. 1976 இலும் 1986 இலும் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. இரண்டு மாதத்துள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற விதியும் ஒதுக்கிவைக்கப்பட்டது. இரண்டாம் முறை, ஈரான் ஈராக் யுத்தத்தின் அபாயமும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அந்த யுத்தத்தில் ஈராக்குக்குக் குவைத் கோடிக்கணக்கான டொலரைக் கடனாக வழங்கிற்று.

அந்தக் கடன் நட்பை வாங்கித் தரவில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அமீர் சவூதி அரேபியாவுக்குத் தப்பிச் சென்றார். அங்கே வேலை செய்த பல்லாயிரம் இலங்கையர் உடைமை இழந்து, பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானை அடைந்ததை நம் நாட்டுக் குடும்பங்கள் பல இன்னும் மறக்கவில்லை.

அவ்வேளையில் நிகழ்ந்த ஒன்று கவனிக்கத்தக்கது. பாராளுமன்றம் மூடப்பட்டதை எதிர்த்துப் போராடிய குவைத் தலைவர்கள் ஈராக்கின் பக்கம் சாயவில்லை. 1990 ஒக்டோபரில் ஜித்தா நகரில் அவர்கள் ஆளும் குடும்பத்தோடு கூடி, சபா ஆட்சியே தமது ஆட்சி என்றனர். 1962 இன் அரசியலமைப்பை மீட்பதாக ஆட்சியாளர் வாக்களித்தனர். 1991 பெப்ரவரியில் அமெரிக்கா தலைமையிலான படைகள் நாட்டை விடுவித்தன. பின்வாங்கிய படை அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீயிட்டது. கடைசித் தீ அணைய நவம்பர் ஆயிற்று. 1992 இல் வாக்குறுதியின்படி தேர்தல் நடந்தது. ஈராக் செலுத்திய நட்டஈடு, 2022 இல் முடிவுற்றபோது, 5,240 கோடி டொலரை எட்டியிருந்தது. அதில் இலங்கைத் தொழிலாளருக்கும் பங்கு கிடைத்தது.

மீண்டும் மூடிய கதவு

அதன் பின்னர் பாராளுமன்றத்துக்கும் மந்திரிசபைக்கும் இடையே பிணக்கு ஓயவில்லை. தேர்தல்கள் அடுத்தடுத்து வந்தன. அவசியமான சட்டங்கள் தேங்கின. 2024 மே மாதத்தில் அமீர் ஷேக் மிஷ்அல் சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில விதிகளை நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நிறுத்திவைத்தார். சபையின் சச்சரவு நாட்டின் முன்னேற்றத்தைத் தடுத்தது என்பர் ஒருசாரார். அக்குறைக்கு மருந்து சபையைத் திருத்துவதே, மூடுவதன்று என்பர் மற்றொரு சாரார்.

இருசாரார் கூற்றிலும் நியாயம் இருக்கலாம். ஆயினும் 1990 இல், நாடு பறிபோன வேளையில், ஆட்சியாளருக்குக் கைகொடுத்தவர்களுள் அவரைக் கேள்வி கேட்டவர்களும் இருந்தனர். நிலத்தடி எண்ணெய் அயலவரின் ஆசையைத் தூண்டிற்று; வெளிநாட்டுப் படைகள் நிலத்தை மீட்டுத் தந்தன. ஆனால் அந்த ஆட்சி தம்முடையதே என்று சொல்லக் குடிகளாலேயே முடிந்தது. நான்கு ஆண்டுகள் நிறைவுறும்போது அந்தக் குடிகளுக்கு என்ன விடை கிடைக்கும் என்பதைக் காலந்தான் காட்டவேண்டும்.