பனிக்குள் ஒளிந்திருக்கும் அடுக்கு

கனடாவின் ரோஜர்ஸ் கணவாய் அருகே 2003 பிப்ரவரி 1ஆம் தேதி பனிச்சரிவில் சிக்கி 7 மாணவர்கள் மாண்டனர். பள்ளிப் பயணமாகப் பனிச்சறுக்கு சென்ற பத்தாம் வகுப்பினர் அவர்கள்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சென்றிருந்தபோது அதே வட்டாரத்தில் பனியைத் தோண்டிப் பார்த்தேன். நம்மூர் குவே லாப்பிஸ் போல அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் ஓர் அடுக்கு மட்டும் சீனியாய் உதிர்ந்தது. அதன்மேல் கனத்த பனி படிந்திருந்து, சரிவும் 30 பாகையைத் தாண்டினால், ஒருவரின் எடையே போதும். முழுப் பாளமும் சரிந்துவிடலாம்.

புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்திற்குள் மீட்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேர்வது அரிது. தோண்ட வேண்டியவர் உடன் வந்த நண்பர்தான். அதனால்தான் அங்கே ஒவ்வொருவர் பையிலும் மண்வாரி; உடலில் சமிக்ஞைக் கருவி.